இழவு முகத்தோடு வராதீர்கள்

சென்ற மாதம் பொகவந்தலாவையில் உறவினர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். தேயிலைத் தொழிற்சாலையில், எங்கள் பேச்சில் சொன்னால் 'ஸ்டோரில்', ஆயுளின் பெரும் பகுதியைக் கழித்து ஓய்வு பெற்றவர். நாக்கின் ஓரத்தில் ஆறாத புண். பரிசோதனை முடிவு வந்துவிட்டது. இரு வாரங்களில் சிகிச்சை ஆரம்பமாகிறது. நான் போனபோது இஸ்தோப்பில் கட்டிலைப் போட்டுப் படுத்திருந்தார். பேரப்பிள்ளைகள் இருவர் அவர் காலடியில் இருந்தார்கள். பழைய பெரியதுரை ஒருவர் தமிழ் பேசுவது போல இவர் பேசிக் காட்டினார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்போது வாங்கில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் அதட்டினார்: "வீட்டுல இப்படி ஒரு நோவு வந்து கெடக்கு. சிரிப்பு என்னா வேண்டிக் கெடக்கு?"

பிள்ளைகள் எழுந்து போய்விட்டார்கள். உறவினர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வந்திருந்த ஏழெட்டுப் பேரும் அரை மணி நேரம் ஒரு வார்த்தை பேசாமல் தேநீரைக் குடித்துவிட்டு, கதவடியில் நின்று பெருமூச்செறிந்து விடைபெற்றார்கள். அந்த வீட்டில் அதுவரை இருந்தது ஒரு நோயாளி. அவர்கள் போகும்போது அங்கே ஒரு பிணத்தை விட்டுச் சென்றார்கள் என்று எழுதினால் மிகை என்பீர்கள். எழுதிவிட்டேன், அடிக்கப் போவதில்லை.

அந்தப் பெரியவரோடு எனக்குப் பகை எதுவும் இல்லை. ஆனால் அதே வாக்கியத்தை, ஏறத்தாழ அதே சொற்களில், 2018 ஆம் ஆண்டில் எங்கள் வீட்டு வாசலிலும் கேட்டேன். அன்று பதில் சொல்ல வாய் வரவில்லை. தாய்மாமனுக்கு எதிர்ப்பேச்சுப் பேசும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. இன்று சொல்கிறேன்.

அம்மாவுக்கு அப்போது எழுபத்து நான்கு வயது. நாற்பது ஆண்டுகள் கொழுந்து எடுத்தவர். இடுப்பில் செருகிய சுருக்குப் பை அவருடைய உடலின் ஓர் உறுப்பு. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. காலைக் குளிருக்கு அது வேண்டும். பத்து மணிப் பசிக்கு அது வேண்டும். அட்டை கடித்தால் காலில் துப்பவும் அதுவே வேண்டும். எங்கள் மலைகளில் வெற்றிலையைப் பழக்கம் என்று சொல்பவர்கள் கொழுந்து மலையில் ஒரு நாளும் நின்றிராதவர்கள். அது ஒரு வேலைக்கருவி. கத்தியைப் போல, கூடையைப் போல. அந்தக் கருவியின் விலை என்ன என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம், புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும், ஏன், வெறும் பாக்கும்கூட மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று 2004 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் திட்டவட்டமாக வகைப்படுத்தியது. அந்தச் செய்தியை நான் பணியாற்றிய பத்திரிகையில் உள்பக்கத்தில் நான்கு அங்குலத்தில் போட்டோம். பக்கத்தை முடித்தவன் நான். அன்று மாலை வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தபோது அம்மாவிடம் அதைச் சொன்னேனா என்று கேட்காதீர்கள்.

முதல் அறிகுறி புண் அல்ல. மிளகாய் எரிந்தது. சம்பல் இல்லாமல் சோறு இறங்காத மனுஷி, சம்பலை ஒதுக்கினார். பிறகு கொட்டாவி விட்டால் வாய் முழுதாகத் திறக்கவில்லை. மூன்று விரல்களை நிறுத்தி வாய்க்குள் வைக்க முடியாவிட்டால் கன்னத்தின் உட்தசை இறுகத் தொடங்கிவிட்டது என்று பொருள். பாக்கு மெல்பவர்களுக்கு வரும் இந்த இறுக்கம், புற்றுநோய்க்கு முந்திய நிலைகளில் ஒன்று. தோட்டத்து டிஸ்பென்சரியில் பூசுவதற்கு மருந்து கொடுத்தார்கள். ஒன்பது மாதம் பூசினார். இதற்கு மேல் அந்த டிஸ்பென்சரியைப் பற்றி எழுதினால் கோபத்தில் வேறு திசைக்குப் போய்விடுவேன்.

வைத்தியசாலையின் பெயரும் வேண்டாம். அங்கே எங்களை நன்றாகப் பார்த்தவர்கள் பலர். நான் குறை சொல்லப் போவது ஒருவரை. பரிசோதனை முடிவைக் கையில் வைத்திருந்த வைத்தியர், அம்மா எதிரில் அமர்ந்திருக்க, என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் பேசினார். அம்மாவை வெளியே இருக்கச் சொல்லும்படியும், புண் என்று மட்டும் சொல்லிவைக்கும்படியும் கூறினார். அவர் கெட்டவர் அல்லர். இந்த நாட்டில் நல்ல மனிதர்கள் இப்படித்தான் நடந்துகொள்கிறார்கள். அம்மா என் முகத்தைப் பார்த்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்து, பொகவந்தலாவைச் சந்தையில் கற்ற சிங்களத்தில், "மஹத்தயா, பிளிகாத?" என்று கேட்டார். பிளிகா என்றால் புற்றுநோய்.

வைத்தியர் சற்றுத் தடுமாறி, ஆம் என்றார். அம்மா பெருமூச்சு விட்டார். "அப்பாடா. பல்லப் புடுங்கணும்னு சொல்லுவாங்கன்னு பயந்துகிட்டே வந்தேன்."

மிஸ்ஸி ஒருவர் தமிழ் தெரிந்தவர். அவர்தான் முதலில் சிரித்தார். வைத்தியருக்கு மொழிபெயர்த்துச் சொல்லப்பட்டபோது அவர் நிலைமை தர்மசங்கடமாகிவிட்டது. ஏனென்றால் வாய்க்குக் கதிர்வீச்சு கொடுப்பதற்கு முன் பழுதான பற்களையெல்லாம் அகற்றிவிட வேண்டும். பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாது. அதை அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அப்ப புத்துநோயே பரவால்ல" என்றார் அம்மா.

அந்த அறையில் நடந்ததை நான் பல தடவை எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஒரு கிழவியின் அசட்டுத் துணிச்சல் என்று அதை ஒதுக்க முடியவில்லை. தன்னைப் பற்றிய செய்தி தன் தலைக்கு மேலாக வேறொரு மொழியில் கடத்தப்படுவதை அவர் மறித்தார். மறித்த பிறகு, தான் அழப்போவதில்லை, ஆகவே நீங்களும் என்னிடம் நேராகப் பேசலாம் என்று அறிவித்தார். அதற்கு அவரிடம் இருந்த ஒரே மொழி கேலி.

என் அப்பாவுக்கு அந்த வாய்ப்புக் கொடுக்கப்படவில்லை.

அவர் 1989 இல் காலமானார். தொண்டையில் வந்தது. ஹர்த்தாலும் ஊரடங்கும் மாறிமாறி வந்த காலம். வாகனம் கிடைப்பதே பெரும்பாடு. நான் கொழும்பில் இளம் நிருபர். வீட்டார் கூடி ஒரு முடிவெடுத்தோம்: அப்பாவிடம் சொல்லக் கூடாது. தாங்கமாட்டார். அவருக்கு முன்னால் யாரும் அழக் கூடாது, யாரும் சிரிக்கக் கூடாது, எதுவும் நேராகப் பேசக் கூடாது. வீடு முழுவதும் கிசுகிசுப்பு. அவர் உள்ளே வந்தால் பேச்சு நிற்கும். உருளைக்கிழங்கு விலையைப் பற்றிப் பேசுவோம். மூன்று மாதம் உருளைக்கிழங்கு விலையைப் பற்றியே பேசினோம். ஒரு நாள், குரல் ஏறக்குறையப் போய்விட்ட நிலையில், என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "ஏன்டா, எனக்கு என்னான்னு பேப்பர்லயாவது போடுவீங்களா?"

அது ஒரு கிண்டல். தெரிந்துகொண்டுதான் கேட்டார். தனக்கும் எங்களுக்கும் நடுவே நாங்கள் எழுப்பிய சுவரில் அவர் தட்டிய தட்டு அது. நான் சிரித்திருக்க வேண்டும். சிரித்திருந்தால் அடுத்த வார்த்தையைப் பேசியிருப்போம். "உங்களுக்கு ஒண்ணும் இல்லப்பா, புண்ணுதான்" என்றேன். ஊருக்கெல்லாம் செய்தி சொல்லப் புறப்பட்டவன், தகப்பனுக்குத் தகப்பனைப் பற்றிய செய்தியைச் சொல்லவில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அதன் பிறகு என்னிடம் எதையும் கேட்கவில்லை.

ஆகவே, நோயுள்ள வீட்டில் சிரிக்கலாமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு, சிரிக்காத வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்பதுதான் என் பதில். அதை மரியாதை என்று நீங்கள் அழைக்கிறீர்கள். அது மரியாதை அல்ல, நம்முடைய பயம். நோயாளி தாங்கமாட்டார் என்கிறோம். நம்மால் தாங்க முடியவில்லை என்பதே உண்மை. அவருடைய முகத்தைப் பார்த்துப் பேச நமக்குத் திராணியில்லாததால், அவரைச் சாவதற்கு முன்பே சாமிப்படமாக்கிச் சுவரில் மாட்டிவிடுகிறோம். சாமிப்படத்தின் முன்னால் யாரும் சிரிப்பதில்லைதான்.

அம்மாவின் சிகிச்சைக்குத் திரும்புகிறேன். கதிர்வீச்சின்போது தலை அசையாதிருக்க ஒரு முகமூடி செய்வார்கள். துளைகள் நிறைந்த பிளாஸ்டிக் தகடு; வெந்நீரில் இளக்கி, முகத்தின் மேல் அழுத்தி, இறுகும்வரை பிடித்துக்கொள்வார்கள். முகத்தின் அச்சு அப்படியே வந்துவிடும். ஒவ்வொரு நாளும் அதை அணிவித்து மேசையோடு பூட்டிவிடுவார்கள். பலர் பயப்படுவது கதிர்வீச்சுக்கு அல்ல, இதற்குத்தான். அளவெடுத்து வெளியே வந்த அம்மா சொன்னார்: "நாப்பது வருசம் முதுகுல கெடந்த கூடை, இப்பத்தான் முன்னுக்கு வந்திருக்கு."

தங்கையும் நானும் சிரித்த சிரிப்பில் அந்த நடைபாதையே திரும்பிப் பார்த்தது. மலையகம் முன்னேறிவிட்டது என்று மேடைதோறும் பேசுகிறவர்களைப் பற்றி நான் ஆயிரம் பத்திகள் எழுதியிருப்பேன். ஒன்றும் இந்த வாக்கியத்துக்கு உறைபோடக் காணாது.

சிகிச்சைக்குப் புறப்படுவதற்கு முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை. லயத்தில் எங்கள் வீட்டில் இருபது பேராவது இருந்திருப்பார்கள். பத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தோம்: அடையாள அட்டை, பிறப்பு அத்தாட்சி, வைத்தியசாலைக் கொப்பி. எங்கள் சனத்தின் பிரஜாவுரிமை 1948 இல் பறிக்கப்பட்டது. அம்மாவுக்கு அந்தப் பிரச்சினை முடிவுக்கு வந்தது 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான். காகிதம் என்றாலே அவருக்கு அலர்ஜி. "எல்லா எடத்துலயும் துண்டு கேட்டானுக. இந்த நோவு ஒண்ணுதான் ஒரு துண்டும் கேக்காம உள்ள வந்துச்சு" என்றார். தம்பி தன் பங்குக்கு, "புத்துன்னா பாம்பு இருக்கணுமே, வாயில பாம்பு இருக்கான்னு டாக்டர் பாத்தாராம்மா?" என்று கேட்டான். பக்கத்து வீட்டு அக்கா வாசலில் இருந்து கத்தினார்: "அது இருக்குன்னு எனக்கு முப்பது வருசமாத் தெரியும்!" இருவருக்கும் தண்ணீர்ப் பீலிச் சண்டை பிரசித்தம். வீடு அதிர்ந்தது.

அப்போதுதான் மாமா எழுந்து நின்று அந்த வாக்கியத்தைச் சொன்னார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அக்காவின் நோயைச் சிரிப்பாக்கிவிட்டோம் என்று ஊரில் சொன்னார். சிகிச்சை முடியும்வரை எட்டிப் பார்க்கவில்லை.

அவரைப் பற்றிப் பிறகு சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு முன் எதிர்த் திசையில் நிற்கும் ஒரு கூட்டத்தோடும் எனக்கு வழக்கு உண்டு.

'வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும்' என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் அவர்கள். அம்மாவின் கதையைக் கேட்டதும் என் நண்பர்களில் பாதிப் பேர் இதைத்தான் சொன்னார்கள். அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர் நோர்மன் கசின்ஸ் 1979 இல் எழுதிய நூலை ஒருவர் அனுப்பிவைத்தார். மார்க்ஸ் சகோதரர்களின் நகைச்சுவைப் படங்களைப் பார்த்துப் பத்து நிமிடம் வயிறு குலுங்கச் சிரித்தால் தனக்கு இரண்டு மணி நேரம் வலியில்லாத உறக்கம் கிடைத்தது என்று அவர் எழுதினார். சந்தோஷம். ஆனால் அவருக்கு வந்தது மூட்டுகளையும் முதுகெலும்பையும் தாக்கும் ஒரு நோய், புற்றுநோய் அல்ல. புற்றுநோயைப் பொறுத்தவரை, ஜேம்ஸ் கொயின் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோயாளர் 1,093 பேரை ஆராய்ந்து 2007 இல் முடிவை வெளியிட்டார்கள். அம்மாவுக்கு வந்த அதே வகை. நோயாளியின் மனநிலை நன்றாக இருப்பதற்கும் அவர் எவ்வளவு காலம் உயிரோடிருக்கிறார் என்பதற்கும் தொடர்பு இல்லை என்பதே அந்த முடிவு.

இது எனக்கு ஏமாற்றம் தரவில்லை. பெரும் ஆறுதல் தந்தது. சிரித்தால் பிழைப்பாய் என்று சொல்வது, செத்தால் நீ சரியாகச் சிரிக்கவில்லை என்று சொல்வதுதான். பாவம் செய்தவனுக்குத்தான் புற்று வரும் என்று கோவில் வாசலில் சொல்பவனுக்கும் இவர்களுக்கும் என்ன வேறுபாடு? அம்மாவைக் குணப்படுத்தியது கதிர்வீச்சும் மருந்தும், அதைக் காசு வாங்காமல் கொடுத்த இந்த நாட்டின் அரச மருத்துவமும். சிரிப்பு அதில் ஒரு மில்லிகிராம்கூட இல்லை. சிரிப்பு சிரிப்புக்காகத்தான். ஆறு வாரமும் வாழப்பட வேண்டிய ஆறு வாரம் என்பதற்காகத்தான்.

மலையாள நடிகர் இன்னசென்ட் இதை நன்றாக அறிந்தவர். 2012 இல் அவருக்கு நிணநீர்ப் புற்று. அவர் சிகிச்சையில் இருந்த காலத்தை ஒட்டியே மனைவிக்கும் புற்றுநோய் என்று தெரிந்தது. ஒரே வீட்டில் இரண்டு நோயாளிகள். 'புற்றுநோய் வார்டில் சிரிப்பு' என்று பொருள்படும் தலைப்பில் அவர் மலையாளத்தில் ஒரு புத்தகம் எழுதினார். 2014 இல் சாலக்குடித் தொகுதியில் வென்று நாடாளுமன்றத்துக்கும் போனார். 2023 மார்ச்சில், எழுபத்தைந்தாவது வயதில் மறைந்தார். அவர் அந்தத் தலைப்பை வைத்ததற்காக மலையாளிகள் யாரும் அவரை வீட்டுக்கு வந்து அதட்டியதாக நான் கேள்விப்படவில்லை. நடிகன் சிரித்தால் தைரியம்; லயத்துக் கிழவி சிரித்தால் வெட்கங்கெட்டதனமா?

மூன்றாவது கூட்டம் ஒன்று உண்டு. இவர்கள் மேல்தான் எனக்கு அதிகக் கோபம். "உங்கட தோட்டத்து ஆக்கள் எதையும் சிரிச்சுக்கொண்டே தாங்குவினம்" என்று கொழும்பில் ஒரு நண்பர், அன்பாகத்தான், சொன்னார். தேயிலைப் பெட்டியின் மேல் ஒரு பெண் கூடையோடு சிரித்துக்கொண்டிருப்பாள், பார்த்திருப்பீர்கள். சுற்றுலா விளம்பரங்களிலும் அதே பெண்தான். (எங்கள் ஊர்ப் புனித மேரி தேவாலயத்தில் ஜூலியா மார்கரட் கமரோன் என்ற புகழ்பெற்ற ஆங்கிலேயப் புகைப்படக் கலைஞரின் கல்லறை இருக்கிறது, 1879 இல் இறந்தவர். வெள்ளைக்காரர்கள் தேடி வருவார்கள். இலங்கையில் அவர் எடுத்த தொழிலாளர் படங்களில் எவரும் சிரிப்பதாக நான் காணவில்லை. நெடுநேரம் அசையாமல் நிற்க வேண்டிய காலம் என்பார்கள். இருக்கலாம்.) விற்பதற்காக ஒட்டப்பட்ட அந்தச் சிரிப்பைக் கண்டு பழகியவர்கள், எங்கள் சிரிப்பைச் சம்மதம் என்று கணக்கெழுதிக்கொள்கிறார்கள்.

கணக்கை நானும் எழுதுகிறேன். தங்கை அம்மாவுக்குத் துணையாக ஆறு வாரம் என் வாடகை வீட்டில் வந்து தங்கினாள். வாரத்துக்கு ஐந்து நாள், மொத்தம் முப்பது தடவை கதிர்வீச்சு. 2016 ஒக்டோபர் கூட்டு ஒப்பந்தத்தின்படி அப்போது தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 500 ரூபாய். வரவுக்கான 60, உற்பத்திக்கான 140, விலைப்பங்கு 30, எல்லாம் சேர்ந்தால் 730. வரவுக்கான 60 ரூபாய் கிடைக்க மாதத்தில் வேலை கொடுக்கப்பட்ட நாட்களில் நூற்றுக்கு எழுபத்தைந்து நாள் போயிருக்க வேண்டும். தாயின் பக்கத்தில் இருந்த நாட்களின் சம்பளம் போயிற்று. அதற்காகவே, வேலைக்குப் போன நாட்களின் வரவுக் கொடுப்பனவும் போயிற்று. வைத்தியம் இலவசம். கூட இருப்பதற்குத்தான் காசு. அந்தச் சம்பளத் துண்டைப் பார்த்த அன்று எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. தங்கை அதைக் கிழித்துப் போடப் போனாள். நான் வாங்கி வைத்துக்கொண்டேன். நோயைக் கேலி செய்வோம். அது யாருடைய உத்தரவும் கேட்காமல் வருவது. சம்பளம் மனிதர்கள் மேசையில் அமர்ந்து தீர்மானிப்பது. இரண்டுக்கும் ஒரே சிரிப்பை எங்களிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

எங்கள் சிரிப்பு எப்போதும் சரியான இடத்தில் விழுந்தது என்று நான் சாதிக்கப் போவதில்லை. மூன்றாம் வாரத்தில் அம்மாவின் வாய் முழுவதும் புண்ணாகிவிட்டது. சுவை போய்விட்டது. கஞ்சியை ஆறவைத்துக் கரண்டியில் கொடுத்தால் அரை மணி நேரம் எடுக்கும். பேச்சு நின்றுபோனது, கையால் சைகை. சனிக்கிழமை ஊரிலிருந்து வந்த தம்பி, வழக்கம்போல, "இப்பத்தான் நம்ம வீட்டுல கொஞ்சம் நிம்மதி" என்றான். அம்மா அழுதார். சத்தம் வராத அழுகை. தம்பி அன்றிரவு சாப்பிடவில்லை.

மறுநாள் அவர் ஒரு கொப்பியில் எழுதிக் காட்டினார். ஐந்தாம் வகுப்போடு நின்ற எழுத்து. 'நான் பேசும்போது பேசு.' அதற்கு மேல் எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. நோய் யாருடையதோ சிரிப்பும் அவருடையது. அவர் தொடங்கினால் நாம் சேர்ந்துகொள்ளலாம். அவர் நிறுத்தினால் நிறுத்த வேண்டும். இஸ்தோப்பில் அமர்ந்திருக்கும் மாமனுக்கு அதில் வாக்குரிமை இல்லை, மகனுக்கும் இல்லை. இரண்டு வாரம் எங்கள் வீடு அமைதியாகவே இருந்தது. அந்த அமைதி 1989 இன் அமைதி அல்ல. எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது.

என் தொழிலுக்கும் இதில் பங்குண்டு. மரண அறிவித்தல் பக்கத்தை நான் மூன்று ஆண்டுகள் பார்த்தேன். புற்றுநோய் என்ற சொல் அதில் வராது. 'சிறிது காலம் சுகயீனமுற்றிருந்து' என்போம். அரசியல் பத்திக்கு வந்தால் மட்டும் அந்தச் சொல்லுக்குத் தாராளம்: இனவாதம் எனும் புற்றுநோய், ஊழல் எனும் புற்றுநோய், வெட்டி எறியப்பட வேண்டிய புற்றுநோய். இப்படித் தலைப்பிட்டவர்களில் நானும் ஒருவன். நோயை உவமையாக்குவது நோயாளியைத் தண்டிப்பதாகும் என்று, தானே மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை பெற்ற சூசன் சொன்டாக் 1978 இலேயே எழுதிவிட்டார். நான் வாசித்துவிட்டுத்தான் அந்தத் தலைப்புகளைப் போட்டேன். ஊர்ப் பேச்சிலும் அப்படித்தான். நோயின் பெயரைச் சொல்லமாட்டார்கள். "மகரகமவுக்குக் கொண்டு போயிட்டாங்களாம்" என்பார்கள். ஒரு முழு ஊரின் பெயரையே நோயின் பெயராக்கிவிட்டோம். அந்த வைத்தியசாலைக்கு இப்போது 'அபேக்ஷா' என்று பெயர்; நம்பிக்கை, எதிர்பார்ப்பு என்று பொருள். பெயரை மாற்றினாலும் எங்கள் குரல் தாழ்வது மாறவில்லை.

இந்தத் தாழ்ந்த குரலால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்பவர்களுக்காகத்தான் மாமாவின் கதை.

அம்மாவின் சிகிச்சை முடிந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 2020 இல், அவர் தாடை வீங்கிய நிலையில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகப்பட்டார். ஒரு வருடத்துக்கும் மேலாக அவர் சம்பல் சாப்பிடவில்லை. கேட்டவர்களிடம் கேஸ்டிரைட்டிஸ் என்றார். வாய் இரண்டு விரல் அளவுக்குத்தான் திறந்தது. அவருக்கு அது தெரிந்திருந்தது. தன் அக்காவுக்கு அதே மாதிரித் தொடங்கியதும் தெரிந்திருந்தது. இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படுவது வாய்ப்புற்றுநோய்தான். கண்ணாடியில் பார்த்தாலே தெரியக்கூடிய இடத்தில் வருவது. வெள்ளைத் திட்டாக இருக்கும்போதே போனால் பெரும்பாலும் சின்னக் காரியத்தோடு முடிந்துவிடும். அவர் போகவில்லை. சொன்னால் வீடு இழவு வீடாகிவிடும் என்று பயந்தார். அவருக்குத் தெரிந்த ஒரே நோய் வீடு அப்படிப்பட்டது. எங்கள் வீட்டில் வேறொன்றைக் கண்டபோது அவரால் அங்கே நிற்க முடியவில்லை. நாங்கள் நோயைச் சிரிப்பாக்குகிறோம் என்று அவர் கோபித்ததாகவே அதுவரை எண்ணியிருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே அவர் வாயில் திட்டு இருந்ததா என்று இப்போது யாருக்குத் தெரியும்? ஐந்து மாதத்தில் போய்விட்டார். மரண அறிவித்தலை எழுதும்படி என்னிடம்தான் வந்தார்கள். புற்றுநோய் என்று எழுதினேன். அவருடைய பிள்ளைகள் வெட்டச் சொன்னார்கள். வெட்டினேன்.

அம்மா 2023 வரை இருந்தார். வாய் வறண்டபடியே இருந்தது. தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் எங்கும் போகமாட்டார். சம்பலை மோந்து பார்த்துவிட்டு வைத்துவிடுவார். சுருக்குப் பையில் வெற்றிலைக்குப் பதிலாகப் பேரப்பிள்ளைகளுக்கு இனிப்பு வைத்திருந்தார். இருதயத்தால் போனார், உறக்கத்தில். முகமூடியை வைத்தியசாலையில் எங்களிடமே தந்திருந்தார்கள். பழைய கூடைக்குப் பக்கத்தில் அதற்கும் ஓர் ஆணி அடித்து மாட்டியிருந்தார். பிள்ளைகள் அதை எடுத்து அணிந்துகொண்டு கிழவி போல நடந்து காட்டுவார்கள். அம்மா அங்கேயே அமர்ந்து திருத்தம் சொல்வார்.

போன வாரம் அந்த முகமூடியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மறுபடியும் அந்த உறவினர் வீட்டுக்குப் போனேன். என்னவென்று தெரியாமல் அளவெடுக்கப் போனால் மனுஷன் பயந்துவிடுவார் என்பதற்காக. அதே வாங்கில் அதே பெரியவர். துணியைப் பிரித்துக் கட்டிலில் வைத்தேன். உறவினர் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்கு மேட்டில் விரலை வைத்துத் தடவினார். "அக்கா மூஞ்சியேதான்" என்றார். பிறகு, "எனக்கு இன்னும் பெருசா செய்யணுமே, என் மண்டைக்கு இது காணாதே" என்றார்.

பெரியவரை நான் பார்க்கவில்லை. கதவுக்குப் பின்னால் நின்ற சின்னப் பையனுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. யாரும் அவனை அதட்டவில்லை.

வியாழக்கிழமை பல் பிடுங்கப் போக வேண்டும். மூன்று பல். காலை ஐந்து மணிக்கு வரும்படி த்ரீவீலுக்குச் சொல்லியாகிவிட்டது.